பதினேழாவது கேள்வி

பிப்ரவரி 3, திங்கள்

வேலை இன்று தொடங்கியது. சென்னையிலிருந்து அகல்யா என்கிற பெண் போனில் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னாள். ஐந்து நாட்டுப் பேப்பர்கள், இருபது வருஷச் செய்திகள். முஸ்லிம்களைப் பற்றியும் அவர்கள்மேல் காட்டப்படும் வெறுப்பைப் பற்றியும் எந்த நாட்டுப் பேப்பர் எப்படி எழுதுகிறது என்று ஒரு பல்கலைக்கழகம் ஆராய்கிறதாம். அனுப்புகிற செய்தியைப் படித்து இருபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் போட வேண்டும். ஆம், இல்லை, தெரியவில்லை. கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு, விருப்பப்பட்டால் எழுதலாம். முப்பத்தோரு வருஷம் பேப்பரில் உதவி ஆசிரியராக உட்கார்ந்து அடுத்தவன் எழுத்தையெல்லாம் வெட்டித் தள்ளியவனுக்கு ரிட்டயரான பிறகு மூன்று சொல் மிச்சம்.

நான் படிக்கிற அதே செய்தியை இன்னொருவரும் தனியாகப் படித்துப் பதில் போடுவார். அவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியக் கூடாது. அவருக்கும் என்னைத் தெரியக் கூடாது. நான் ‘ஒன்று’, அவர் ‘இரண்டு’. வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் எங்கே வேறுபட்டோம் என்று அகல்யா சொல்லுவாள்.

தினமும் வேலைக் குறிப்பு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்குத் தனி நோட்டு. இது என் நோட்டு.

கோமு பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. பேரன் நடக்கிறவரைக்கும் வரமாட்டாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது இன்னும் கைவரவில்லை. இன்றும் மிஞ்சியது, தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒன்பது செய்திகள். எல்லாம் இங்கிலாந்து. ஒரு பஸ்ஸில் ஒருத்தியின் தலைத்துணியை ஒருவன் பிடித்து இழுத்திருக்கிறான். இழுத்தவனுடைய பெயர், வயது, தெரு, அவன் செய்த வேலை, வேலை போன கதை, நீதிபதி அவனிடம் சொன்னது, அவன் வக்கீல் சொன்னது எல்லாம் இருக்கிறது. அந்தப் பெண் ‘இரண்டு குழந்தைகளின் தாய்’. அவ்வளவுதான். கடைசி வரியில், அவள் இப்போது பஸ்ஸில் ஏறுவதில்லை என்று இருக்கிறது. என்னிடம் வந்திருந்தால் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் வெட்டியிருப்பேன். இடம் பற்றாதபோது கீழேயிருந்து வெட்டுவதுதான் வழக்கம்.

ஒன்பதாவது கேள்வி: பாதிக்கப்பட்டவருக்குச் செய்தியில் பெயர் உண்டா? இல்லை என்று போட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

நம் ஊர்ச் செய்திகள் வந்தன. ஒருவருக்கு வாடகைக்கு வீடு தர மறுத்திருக்கிறார்கள், முஸ்லிம் என்பதால்; தொழில் தெரிந்தவனுக்கு வரிகளுக்கு நடுவில் அது தெரியும். அது தெருச் சண்டையாகியிருக்கிறது. பேப்பரில் ‘இரு பிரிவினரிடையே பதற்றம்’ என்று தலைப்பு. செய்தி முழுக்க ‘ஒரு பிரிவைச் சேர்ந்தவர்’, ‘மற்றொரு பிரிவைச் சேர்ந்தவர்’. சுத்தமான வேலை. எங்கள் பேப்பரில் இந்த விதியை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்ததே நான்தான். யார் யாரை அடித்தான் என்று பச்சையாகப் போட்டால் மறுநாள் இன்னும் நாலு பேர் அடிபடுவார்கள். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரியாது.

இன்னொரு கேள்வி: வெறுப்பைச் செய்தி மறைக்கிறதா? இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

‘இரண்டு’ அந்த வீட்டுச் செய்திக்கு ‘ஆம்’ போட்டிருக்கிறார். காரணக் கட்டத்தில், “படித்து முடித்தபிறகும் வீடு யாருக்குக் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறார்.

அகல்யாவிடம் எடுத்துச் சொன்னேன். “இது பத்திரிகைத் தர்மம்மா. உங்க ஆளு சின்னப் பொண்ணா இருக்கும், இல்லாட்டி அவுங்க ஆளா இருக்கும்.”

“அதெல்லாம் சொல்லக் கூடாது சார்,” என்றாள். பிறகு, “ஒண்ணு மட்டும் சொல்றேன். அவங்க பேப்பர்ல வேலை பாத்ததே இல்ல,” என்றாள்.

அப்படியானால் சரி. தொழில் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது.

பிப்ரவரி 10, திங்கள்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கருகின வாடை.

பிப்ரவரி 11, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் வந்தார். மூடியைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டு, “காயில் போயிட்டு அண்ணாச்சி. புதுசாக் கம்பி சுத்திக் காயில் கட்டணும். கழட்டி வச்சிருதேன், எங்கயாவது குடுத்துக்கிடுங்க,” என்று வாசல் நடையில் வைத்துவிட்டுப் போனார். எட்டு குடம் தண்ணீர் எதிர்வீட்டுக் குழாயிலிருந்து தூக்கினேன். அறுபத்தோரு வயதில் தேவைதான் எனக்கு.

கோமு போனில், “பக்கீர் அண்ணன்ட்ட குடுத்தா ஒரே நாள்ல கட்டித் தந்திருவாவள்லா,” என்றாள்.

“அவன் இப்பமும் கடை வச்சிருக்கானோ என்னவோ.”

“மேலப்பாளையத்துல தான வச்சிருக்காவ. ஆத்தத் தாண்டுனா வந்துட்டு. போயிக் கேக்கதுக்கு என்ன?”

சாம்பார் அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். சாம்பார் வைக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மலேசியா. ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு பள்ளிவாசலுக்குத் தீ வைத்ததை முதல் பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். தீயில் மாட்டிக்கொண்டவருக்குப் பெயர் இருக்கிறது. வயது, மனைவி, மகளுக்குப் பிடித்த பலகாரம்வரை இருக்கிறது. ஒன்பதாவது கேள்விக்கு முதல்முறையாக ‘ஆம்’ போட்டேன். எழுதுகிறவனும் முஸ்லிம், படிக்கிறவனும் முஸ்லிம், அதனால் பாதிக்கப்பட்டவன் மனுஷனாகத் தெரிகிறான் என்று நினைத்தேன்.

செய்தியின் தொடர்ச்சி வந்த உள்பக்கத்தில் மூலையில் வேறு நாலு வரி. ஒரு அடுக்குமாடியில் இந்தியர்களுக்கு வீடு கிடையாது என்று போர்டு வைத்தார்களாம். ‘சிலர் அதிருப்தி தெரிவித்தனர்.’ எந்தச் சிலர்? எனக்குச் சுருக்கென்றது. நம் ஆள் யாரோ பெட்டி படுக்கையோடு அந்த வாசலில் நின்றிருப்பான், அவனுக்கு ஒரு பெயர் போட இவர்களுக்கு இடமில்லை.

அது எனக்குக் கொடுத்த செய்தி இல்லை, பக்கத்தில் தற்செயலாக இருந்தது. ஆனாலும் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுச் செய்திக்கு ‘இரண்டு’ எழுதிய காரணம் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 15, சனி

இன்று யாரிடமும் பேசவில்லை. பால்காரர் பாக்கெட்டை வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வாசல் நடையில் கிடக்கும் மோட்டாரில் கால் இடித்துக்கொண்டு “ஐயோ” என்றேன். அதுதான் இன்றைய பேச்சு.

ஒன்று தோன்றியது. நான் படிக்கிற எல்லாவற்றையும் அதே நாளில் படிக்கிற ஆள் உலகத்தில் ஒருவர் இருக்கிறார். கோமுவோடு முப்பத்து மூன்று வருஷம் வாழ்ந்தும் இருவரும் ஒரே செய்தியை ஒரே நாளில் படித்ததில்லை. அவள் ராசிபலன், நான் தலையங்கம். ‘இரண்டு’ இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? அவருக்கும் சோறு மிஞ்சுமா?

பிப்ரவரி 18, செவ்வாய்

ஜெர்மனி, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில். முஸ்லிம்கள்மேல் வெறுப்பு என்று சொல்வது சரியா, அந்தச் சொல்லுக்கு இலக்கணம் என்ன என்று இரண்டு முழுப் பக்க விவாதம். ஆறு பேராசிரியர்கள் பேசுகிறார்கள். ஒரு முஸ்லிமைக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பயமோ என்னவோ. காரணக் கட்டத்தில் இதையே எழுதினேன். முதன்முறையாக அந்தக் கட்டத்தில் எழுதுகிறேன். ‘இரண்டு’ காதுக்கு இது போகுமா என்று தெரியாது, இருந்தாலும் அவருக்காகத்தான் எழுதினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நாற்பத்து மூன்றாம் செய்தி வந்தது. திறந்தேன். மூடிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

வெள்ளிக்கிழமைப் போன் கூட்டம். இந்த வாரம் எனக்கும் ‘இரண்டு’க்கும் நிறைய ஒத்துப்போயிருக்கிறதாம். அகல்யாவுக்குச் சந்தோஷம்.

“நாற்பத்து மூணு மட்டும் நீங்க போடல சார்.”

“அந்தப் பக்கம் சரியாத் தெரியல. கண்ணாடி மாத்தணும்.”

“பரவாயில்ல, மெதுவாப் போடுங்க. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. செய்தில வர்ற யாரையாவது உங்களுக்குத் தெரியும்னா, பதில் போடாம எனக்கு ஒரு வரி எழுதிடணும். அது விதி.”

“தெரியும்மா,” என்றேன்.

பிப்ரவரி 22, சனி

எட்டு குடம்.

நாற்பத்து மூன்று எங்கள் பேப்பர். பதினாறு வருஷத்துக்கு முந்தியது, ஏழாம் பக்கம். வடக்கே ஒரு ஊரில் பஸ்ஸில் குண்டு வெடித்து இரண்டாம் நாள். ‘நெல்லையில் பதுங்கலா? போலீஸ் வலை’ என்று தலைப்பு. போலீஸ் யாரையும் பிடிக்கவில்லை, யார் பெயரையும் சொல்லவில்லை. நடுவில் ஒரு படம். தொப்பி, தாடி, அரைகுறையாகத் திறந்த வாய். கீழே, ‘தடை செய்யப்பட்ட அமைப்பினரின் நடமாட்டம் குறித்து விசாரணை நடக்கிறது (கோப்புப் படம்)’.

சாயங்காலம் நாலு மணிக்குள் முடித்தாக வேண்டிய பக்கம். விளம்பரம் கடைசி நேரத்தில் ரத்தானதால் நடுவில் குழி விழுந்துவிட்டது. பக்கம் போட்டவர் கம்ப்யூட்டரில் இருந்த பழைய படம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். எல்லாப் பேப்பரிலும் நடப்பதுதான். கோப்புப் படம் என்று போட்டுவிட்டால் பழைய படம், இன்றைய ஆள் இல்லை என்று பொருள். வாசகருக்கு அது தெரியாதா?

பதினேழாவது கேள்வி: படத்தில் இருப்பவருக்குச் செய்தியோடு தொடர்பு உண்டா? பக்கத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்லவும்.

பக்கத்தை மட்டும் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. ‘தெரியவில்லை’ என்பதுதான் முறையான பதில்.

பிப்ரவரி 24, திங்கள்

படத்தில் இருப்பவன் பக்கீர் மைதீன்.

ஜங்ஷனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ஆபீஸ் மின்விசிறி, தண்ணீர் மோட்டார், என் வீட்டு மிக்சி எல்லாம் அவன் கைதான். பதினைந்து வருஷப் பழக்கம். ஆபீசுக்கு வந்தால் நேரே என் மேசைக்கு வருவான். “என்னவே ஆவுடை, இன்னைக்கு யாரக் கொன்னுருக்கீரு?” என்று பேப்பரை எடுத்துப் பிரிப்பான். ஆவுடையப்பன் என்கிற என் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிட்டது அவன் ஒருவன்தான். நான் எழுதின தலைப்பில் தப்புக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு அப்படியொரு ஆனந்தம்.

அந்தப் படம் எப்போது எடுத்தது என்றால், அதற்கு முந்தின ரம்ஜானில். மேலப்பாளையத்தில் அவன் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தான். கையில் அகப்பை. ஆபீஸ் கேமராவை வாங்கிக்கொண்டு ரம்ஜான் மலருக்குப் படம் எடுக்க ஒருவர் போயிருந்தார். மலரில் இடமில்லை, போடவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

‘ஒருவர் போயிருந்தார்’, ‘பக்கம் போட்டவர்’. நேற்று எழுதினதையும் அதற்கு முன்னால் எழுதினதையும் படித்துப் பார்த்தேன். என் சொந்த நோட்டில் எனக்கே ‘ஒரு பிரிவினர்’ வேலை பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

படம் எடுத்தது நான். பக்கம் போட்டது நான். அகப்பையையும் கஞ்சிச் சட்டியையும் வெட்டி முகத்தை மட்டும் வைத்தது நான். படம் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது என்று கருக்கியது நான்.

அவன் என்று தெரிந்துதான் போட்டேனா? இதைத்தான் பதினாறு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றரை மணி. குழி நாலு அங்குலம். கோப்பைத் திறந்தேன், முதலில் கண்ணில் பட்டதை இழுத்தேன். முகத்தைப் பார்த்தேன், பார்த்தும் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்தக் கோப்பில் அவன் பெயர் இல்லை. ‘நோன்புக் கஞ்சி’ என்றும் இல்லை. சேமிக்கும்போது நானே வைத்த பெயர் ‘முஸ்லிம் 4’.

பிப்ரவரி 26, புதன்

சமைக்கவில்லை. பன்னும் டீயும்.

பிப்ரவரி 27, வியாழன்

இதையும் எழுதிவிடுகிறேன். பேப்பர் வந்த அன்று காலை பதினொரு மணிக்கு அவன் ஆபீசுக்கு வந்தான். அன்றைக்கு நேரே என் மேசைக்கு வரவில்லை. வாசலில் வரவேற்பு நாற்காலியில், பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே சொல்லி அனுப்பினார்கள். நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். கண்ணாடிக் கதவு வழியாக அவன் முதுகு எனக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் இருந்தான். பிறகு எழுந்து போனான்.

அன்று மத்தியானம் விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். நாலு நாள் கழித்து விட்டார்கள். பதினோராம் நாள் பேப்பரில் மூன்று வரி வந்தது. ‘ஏழாம் பக்கத்தில் வெளியான படம் தவறுதலாக இடம்பெற்றது. வருந்துகிறோம்.’ எழுதியது நான். எந்தப் படம், யாருடைய படம் என்று அதில் இல்லை. பெயர் போட்டால் அவனுக்குத்தான் இன்னும் கஷ்டம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். நானும் என்னிடம் ஒத்துக்கொண்டேன்.

ஜங்ஷன் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டன என்றும் சொன்னார்கள். யாரிடமும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து நான் ஆற்றைத் தாண்டி மேலப்பாளையம் போகவில்லை. கல்யாண வீடு, சாவு வீடு என்று வந்தால் உடம்பு சரியில்லை என்பேன்.

மார்ச் 1, சனி

நாற்பத்து மூன்றுக்குப் பதில் போட்டேன். விதிப்படி அகல்யாவுக்கு ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்கினால் அந்தச் செய்திக்கு ‘இரண்டு’ போடுகிற ‘தெரியவில்லை’ மட்டும்தான் மிஞ்சும். பக்கீருக்கும் அந்தக் குண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதற்கு உலகத்துக்கு இருக்கிற பதில் ‘தெரியவில்லை’ என்று ஆகிவிடும். ஏற்கெனவே ஒரு தடவை நான் ஒதுங்கி உட்கார்ந்தாயிற்று.

பதினேழு: இல்லை.

காரணக் கட்டத்தில் ‘எனக்குத் தெரியும்’ என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ரம்ஜான் முதல் நோன்பு. கோமுதான் போனில் சொன்னாள், பெங்களூரில் பக்கத்து வீட்டார் நோன்பாம்.

“அந்தக் காலத்துல பக்கீர் அண்ணன் தூக்குவாளில கஞ்சி கொண்டாருவாவ,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பேப்பர நானும் பாத்தேங்க. நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன்,” என்றாள்.

  பேரன் அந்தப் பக்கம் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

மார்ச் 7, வெள்ளி

எல்லாவற்றையும் அப்படியே எழுத வேண்டும்.

அகல்யா கடைசியில்தான் நாற்பத்து மூன்றுக்கு வந்தாள். “இதுல ஒரு ஆச்சரியம் சார். பதினேழாவது கேள்விக்கு ரெண்டு பேருமே ‘இல்லை’ போட்டிருக்கீங்க. பக்கத்தை மட்டும் பாத்து நான் ‘தெரியவில்லை’ன்னுதான் நினைச்சேன். நீங்க ‘எனக்குத் தெரியும்’னு மட்டும் எழுதியிருக்கீங்க, அத அப்புறம் கேக்கிறேன்.”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.  ஊர்க்காரராக இருக்குமோ, பக்கீருக்குச் சொந்தமோ என்று நினைத்தேன்.

“காரணம் எழுதியிருக்காங்க. படிக்கிறேன்.”

படித்தாள். நான் கேட்டு எழுதிக்கொண்டேன்: “இவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இவர் படம் எடுப்பவரை நன்றாகப் பழகியவரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். படத்தின் ஓரத்தில் ஆவி மாதிரி தெரிகிறது, முன்னால் ஏதோ சூடாக இருக்க வேண்டும். சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன்.”

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

இருக்கிறேன் என்றேன். பிறகு சொல்லிவிட்டேன். படம் எடுத்தது, வெட்டியது, வரவேற்பில் அவன் உட்கார்ந்திருந்தது, எல்லாம்.  

“விதிப்படி நான் உங்கள இந்த வேலையிலேர்ந்து எடுக்கணும் சார்,” என்றாள் கடைசியில். “ஸாரி சார்.”

“எடுத்திரும்மா. ‘இரண்டு’ட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா?”

“சொல்லக் கூடாது சார்.”

“சரி.”

மார்ச் 8, சனி

அனுப்பியிருந்த பக்கத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆவி இருக்கிறது. இடது ஓரத்தில், வெள்ளையாக. சட்டியை வெட்டியவன் ஆவியை வெட்டவில்லை.

அன்று அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “படத்த அப்புறம் எடும்வே ஆவுடை. முதல்ல கஞ்சியக் குடியும், ஆறிப்போவும்.” பேப்பரில் ஒரு நாளும் வேலை பார்க்காத, பக்கீரைக் கண்ணால் பார்த்திராத ஒருவருக்கு அது கேட்டிருக்கிறது. பதினாறு வருஷமாக நான் வைத்திருந்த ஒரே சமாதானம், பார்த்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

மோட்டாரைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றினேன். பாலத்தில் போகும்போது ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. மேலப்பாளையத்தில் இரண்டு இடத்தில் கேட்டேன், உடனே கை காட்டினார்கள். சந்துக்குள் சின்னக் கடை. பெயர்ப் பலகை இல்லை. மணி நாலு இருக்கும்.

பக்கீர் கீழே உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெள்ளை. நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது, அப்படி இருக்காது.

“வாங்க சார்,” என்றார்.

நின்றபடியே சொன்னேன். “பக்கீர், அந்தப் படத்தப் போட்டது நான்தான்.”

“தெரியும் சார்.” கை கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. “அதே படத்த நீங்கதான பிரிண்ட் போட்டுத் தந்தீங்க. எம் மவ கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருந்தா. போலீசு வந்தப்பம் அதையும் கழட்டிக் கொண்டு போயிட்டாவ.”

பிரிண்ட் கொடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

“அன்னைக்கு ஆபீசுக்கு வந்தியே…”

“சண்டைக்கு வரல சார். ஸ்டேஷன்லேர்ந்து வரச் சொல்லியிருந்தாவ. நீங்க கூட ஒரு எட்டு வந்து, இது கஞ்சி ஊத்தும்போ எடுத்த படம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு நெனச்சேன். நீங்க இல்லன்னுட்டாவ.”

“இருந்தேன்,” என்றேன்.

 அவர் கம்பியின் நுனியைப் பல்லால் கடிக்கப் போய், நோன்பு நினைவு வந்ததோ என்னவோ, கத்தரியை எடுத்து வெட்டினார். எழுந்து வந்து சாக்கை அவிழ்த்தார். என் மோட்டாரைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கருகியிருந்த காயிலை விரலால் தொட்டுப் பார்த்தார். அது அவர் கட்டியது. இருவருக்கும் தெரியும்.

மன்னிச்சிரு என்று சொல்லத்தான் போனேன். அந்தக் கடையில் நின்றபோது அது அந்த மூன்று வரி வருத்தம் மாதிரியே என் வாயில் வந்தது. சொல்லவில்லை. “நான் இப்ப வந்து சொல்லுதேன். எங்க வேணும்னாலும், யார்ட்ட வேணும்னாலும்,” என்றேன்.

“இப்பம் யாரும் கேக்கல சார்,” என்றார். கோபமில்லை குரலில். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிகரெட் அட்டையைக் கிழித்து வைத்திருந்த ஒரு துண்டை எடுத்தார். வேலைக்கு வரும் எல்லா மோட்டாரிலும் அப்படி ஒரு அட்டை கட்டித் தொங்குகிறது, யாருடையது என்று தெரிவதற்கு. காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்து, அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“பேரு என்ன எழுதட்டும் சார்?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஆவுடையப்பன்,” என்றேன்.

முழுதாக எழுதினார். ஒரு எழுத்தையும் விடவில்லை. கம்பித் துண்டால் மோட்டாரில் கட்டினார்.

“வியாழக்கெழம வாங்க.”

வியாழக்கிழமை போக வேண்டும். அதுவரை எட்டு குடம்.